எழுத்தர் நாற்காலியும் கட்சிக் கொடியும்: அமெரிக்க வரலாற்றில் ஓர் ஏடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பை 1787ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் கூடி வகுத்த பெரியோர், அதில் கட்சி என்னும் சொல்லை ஓரிடத்திலும் எழுதினாரில்லை. மறதியால் விட்டதன்று, கட்சி என்பது குடியரசைப் பற்றி அரிக்கும் நோய் என்பதே அவருள் பலருடைய கருத்து. முதற் குடியரசுத் தலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டன், 1796 செப்டம்பரில் வெளியிட்ட தம் விடைபெறும் உரையில், கட்சிக் காழ்ப்பினால் விளையும் கேடுகளை விரிவாக எடுத்துரைத்தார். ஆயினும், அவருடைய அமைச்சரவையிலேயே உடனிருந்து பணியாற்றிய ஹாமில்டனும் ஜெபர்சனும் அதற்குள் எதிரெதிர்க் கட்சிகளின் தலைவர்களாகிவிட்டிருந்தனர்.

அமெரிக்கக் கட்சிப் பூசல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தேர்தல்களையும் தலைவர்களின் சொற்போர்களையும் பற்றியே எழுதுவர். அப்பூசல்களுக்குச் சோறு போட்டவன் யார் என்று வினவுவோர் சிலரே. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சோறு போட்டவன் அரசு அலுவலகத்து எழுத்தன். அவனுடைய நாற்காலியே வெற்றி பெற்ற கட்சிக்குப் பரிசு. அவனுடைய ஊதியமே அடுத்த தேர்தலுக்கு முதல். அந்த நாற்காலியைக் கட்சியின் பிடியிலிருந்து விடுவித்த வரலாறு, அந்நாட்டு மக்களாட்சிச் சீர்திருத்த வரலாற்றில் நடுநாயகமானது என்பது என் கருத்து. கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மவர்க்கு அது வேற்றூர்க் கதையாகவும் தோன்றாது.

தொடக்கக் காலத்துப் பூசல் கடுமையானது. ஜான் ஆடம்சின் ஆட்சியில், 1798இல், அரசை இழித்து எழுதுவோரைத் தண்டிக்கும் இராசத்துரோகச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. வெர்மாண்ட் மாநிலத்து உறுப்பினராகிய மாத்யூ லயன் என்பார் அச்சட்டத்தின்படி நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் தண்டமும் பெற்றார். சிறைக்குள் இருந்தபடியே மீண்டும் தேர்தலில் வென்றார்! 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெபர்சனும் அவருடைய கட்சியினரே ஆன பர்ரும் சமமான வாக்குகளைப் பெற்றமையால், பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பின்னரே ஜெபர்சன் தலைவரானார். பதவி விட்டிறங்கும் நாள் நெருங்க நெருங்க, ஆடம்ஸ் தம் கட்சியினரை நீதிபதிகளாக நியமித்துக் கையொப்பமிட்டுக் கொண்டேயிருந்தார். ‘நள்ளிரவு நியமனங்கள்’ என்று அவற்றை எதிர்க்கட்சியார் எள்ளினர். அவ்வாறு நியமனம் பெற்றும் ஆணை கைக்கு வந்து சேராத மார்பரி என்பவர் தொடுத்த வழக்கில்தான், 1803இல், சட்டம் அரசியலமைப்புக்கு ஒத்ததா என ஆராயும் உரிமை நீதிமன்றத்திற்கு உண்டு என்னும் புகழ்பெற்ற தீர்ப்பைத் தலைமை நீதிபதி மார்ஷல் வழங்கினார். ஒரு சிறு பதவிக்கான ஆணை மேசையில் தங்கிவிட்டமையால் விளைந்த பெரும்பயன் அது.

ஜெபர்சனும் துறவியல்லர். நியூ ஹேவன் துறைமுகத்தில் முந்தைய கட்சியினரான சுங்க அதிகாரியை அகற்றி எழுபத்தேழு வயது முதியவர் ஒருவரை அமர்த்தியபோது, அவ்வூர் வணிகர்கள் முறையிட்டனர். சாவினால் காலியாகும் பதவிகள் மிகச் சில, தாமே விலகுவதால் காலியாவன இல்லவே இல்லை. நீக்காமல் எம் கட்சியினருக்கு எங்ஙனம் பங்கு கிட்டும் என்னும் பொருள்பட அவர் 1801இல் விடையெழுதினார். எனினும் அக்காலத்து நீக்கங்கள் அளவுக்குட்பட்டே இருந்தன. உயர்குடியினர் வாணாள் முழுவதும் பதவியில் இருப்பதும், தந்தைக்குப் பின் மைந்தன் அதே நாற்காலியில் அமர்வதும் பல அலுவலகங்களில் வழக்கமாயிருந்தது.

இவ்வழக்கத்தின்மேல் பாய்ந்தவர் ஆண்ட்ரூ ஜாக்சன். 1829 மார்ச்சு 4ஆம் நாள் அவர் பதவியேற்றபோது, எல்லைப்புறத்து உழவரும் தொழிலாளரும் வெள்ளை மாளிகைக்குள் திரண்டு புகுந்து, சேற்றுக் காலணிகளோடு நாற்காலிகள்மேல் ஏறி நின்றனர். அவ்வாண்டு டிசம்பரில் காங்கிரசுக்கு அனுப்பிய முதற் செய்தியில், அரசுப் பதவி எவருடைய சொத்துமன்று, அரசுப் பணிகள் அறிவுள்ள எவரும் எளிதிற் கற்றுச் செய்யத்தக்கவை, நெடுங்காலம் ஒரே இடத்தில் இருப்பவன் மக்கள் நலனை மறக்கின்றான், ஆதலின் பதவிகள் சுழன்று வருதல் வேண்டும் என்று வாதிட்டார். இவ்வாதத்தைப் பின்வந்தோர் எள்ளி நகையாடியுள்ளனர். ஆயினும் நடுநிலையோடு நோக்கின் அதில் நியாயமே இல்லை என்று கூறவியலாது. நாற்காலி குடும்பச் சொத்தாயிருந்த நாட்டில், சாமானியனும் அதில் அமரலாம் என்றது மக்களாட்சியின் குரலே. குறை யாதெனில், சாமானியர் அனைவருக்கும் திறந்த கதவன்று அது. கட்சிக்காக உழைத்த சாமானியருக்கு மட்டுமே திறந்தது. ஜாக்சன் தம் எட்டாண்டுக் காலத்தில் நீக்கிய ஊழியர் பத்தில் ஒரு பங்குக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டோரே என்பர். அவர் தொடங்கிவைத்த கொள்கைதான் பின்னர்ப் பன்மடங்காய்ப் பெருகிற்று.

அக்கொள்கைக்குப் பெயர் வைத்தவர் நியூயார்க் மாநிலத்துச் செனட்டர் வில்லியம் மார்சி. 1832இல் செனட் அவையில் பேசும்போது, தோற்ற பகைவரிடமிருந்து கொள்ளையிடும் பொருள் வென்றவருக்கே உரியது என்பதில் தவறேதும் இல்லை என்று கூச்சமின்றி அறிவித்தார். அன்று முதல் ‘கொள்ளை முறை’ என்பதே அதன் பெயராயிற்று. அம்முறையின் முதற்பழம் விரைவிலேயே கனிந்தது. ஜாக்சன் தம் நண்பர்கள் தடுத்தும் கேளாது நியூயார்க் துறைமுகத்துச் சுங்கத் தலைவராக நியமித்த சாமுவேல் சுவார்ட்வவுட் என்பார், 12 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட அரசுப் பணத்தைக் கையாடி 1838இல் இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டார். அறிவுள்ள எவரும் செய்யத்தக்க பணி என்று ஜாக்சன் கூறியது வேறொரு பொருளில் மெய்யாயிற்று!

இதற்குப்பின் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வாஷிங்டன் நகரம் வேலை தேடுவோரின் சந்தையாயிற்று. ஆட்சி மாறும்போதெல்லாம் அஞ்சலகம் முதல் கலங்கரை விளக்கம் வரையில் ஆள் மாறினர். கட்சி மாறாமல் தலைவர் மட்டும் மாறினாலும், உட்பிரிவு மாறிவிட்டது என்று ஆள் மாறினர். 1861இல் நாடு இரண்டாகப் பிளந்து உள்நாட்டுப் போர் மூளும் வேளையிலும், ஆபிரகாம் லிங்கன் தம் நேரத்தில் பெரும்பகுதியைப் பதவி கேட்டு மாடிப்படிகளில் நெருக்கியடித்து நின்றோருக்கே செலவிட நேர்ந்தது. அவரும் தம் நியமனத்துக்கு உட்பட்ட பதவிகளில் பெரும்பாலானவற்றில் ஆட்களை மாற்றியவரே. போர்க்காலத்தில் கட்சியை ஒன்றாகப் பிணைத்து வைக்க அவருக்கு வேறு கயிறு இருக்கவில்லை.

இலக்கியச் சுவைஞர்களுக்கு இவ்விடத்தில் ஒரு சிறு விலகல் இனிதாகலாம். நத்தானியேல் ஹாதார்ன் 1846இல் சேலம் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக நியமனம் பெற்றார். ஜனநாயகக் கட்சியின் ஆதரவால் கிடைத்த பதவி அது. 1849இல் விக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் நீக்கப்பட்டார். வேலையிழந்த அவ்வாண்டில் எழுதத் தொடங்கி 1850இல் வெளியிட்ட ‘செந்நிற எழுத்து’ என்னும் நாவல் அமெரிக்க இலக்கியத்தின் தலையாய படைப்புகளுள் ஒன்றாயிற்று. தம்மை நீக்கிய அலுவலகத்தையும், அங்கு உறங்கி வழிந்த முதியோரையும் அந்நூலின் முன்னுரையில் அவர் சித்திரித்துள்ளார். கட்சி வெறியினால் இலக்கியம் ஒரு நூலைப் பெற்றது எனலாம். ஆயின் ஹாதார்னை வெறும் தியாகியாக எண்ணவும் இயலாது. தம் கல்லூரித் தோழர் பியர்சுக்காக 1852இல் தேர்தல் வாழ்க்கை வரலாறு எழுதிக்கொடுத்து, அவர் தலைவரானதும் லிவர்பூல் நகரத் தூதரகப் பதவியை அதே கொள்ளை முறையினால் பெற்றவர் அவர். ‘மோபி டிக்’ எழுதிய ஹெர்மன் மெல்வில், நாளொன்றுக்கு நான்கு டாலர் ஊதியத்தில் நியூயார்க் சுங்கத்தில் 1866 முதல் 1885 வரை ஆய்வாளராயிருந்தார். சுற்றிலும் ஆட்கள் உதிர்ந்துகொண்டிருக்க, அவர் மட்டும் எவர் கண்ணிலும் படாமல் பத்தொன்பது ஆண்டு அமர்ந்திருந்தது ஒரு வியப்பு.

அந்த நியூயார்க் சுங்க அலுவலகம் தனியே ஓர் அத்தியாயம் பெறத்தக்கது. வருமான வரி நிலைபெறாத அக்காலத்தில் நாட்டரசின் பெருவருவாய் சுங்க வரியே. அதில் பாதிக்கும் மேற்பட்டது அந்த ஒரு துறைமுகத்தில் வசூலாயிற்று. அங்குப் பணிபுரிந்தோர் ஓராயிரத்திற்கும் மேற்பட்டவர். நியூயார்க்கின் செனட்டர் ராஸ்கோ காங்ளிங் என்பார் அம்மாநிலக் குடியரசுக் கட்சியைத் தம் உள்ளங்கையில் வைத்திருந்தார். அந்த உள்ளங்கைக்கு வலிமை தந்தது இந்த அலுவலகம். 1871இல் அவருடைய வலக்கரமாகிய செஸ்டர் ஆர்தர் சுங்கத் தலைவரானார். வணிகர்மீது விதிக்கும் தண்டத்தில் ஒரு பங்கு அதிகாரிக்கே சேரும் என்னும் விதி 1874 வரை இருந்தமையால், அவருடைய ஆண்டு வருவாய் 50,000 டாலர் அளவை எட்டியது. நாட்டின் குடியரசுத் தலைவருக்கே அதற்கு மேல் ஊதியமில்லை.

எழுத்தர்களின் நிலையோ வேறு. தேர்தல் வருமுன் கட்சிக் குழுவிடமிருந்து ஒவ்வொருவருக்கும் அச்சிட்ட மடல் ஒன்று வரும். தம் ஊதியத்தில் நூற்றுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொகையைக் கட்சி நிதிக்கு மனமுவந்து அளிக்குமாறு அதில் வேண்டப்பட்டிருக்கும். மனமுவத்தல் என்பது மடலில் உள்ள சொல். கொடாதவன் பெயர் குறித்துவைக்கப்படும் என்பது அனைவரும் அறிந்தது. தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் கட்சிச் சீட்டு வழங்குவதும் அவன் கடமை. இவ்வாறு பொதுமக்களின் வரிப்பணம் எழுத்தனின் கைவழியே கட்சியின் பெட்டிக்குச் சென்றது. வேலை செய்யத் தெரியாதவன் வேலையில் இருந்தது ஒரு கேடு. ஆளுங்கட்சி தன்னை வீழ்த்தவியலாதபடி அரசின் பணத்தையே அரணாக்கிக்கொண்டது அதனினும் பெருங்கேடு.

சீர்திருத்தக் குரல் போர் முடிந்த 1865இலேயே எழுந்தது. ரோட் ஐலண்டு மாநிலத்துத் தாமஸ் ஜென்க்ஸ் என்னும் உறுப்பினர் போட்டித் தேர்வு முறைக்கான மசோதாவை அவ்வாண்டு கொணர்ந்தார், அது நிறைவேறவில்லை. குடியரசுத் தலைவர் கிராண்ட் 1871இல் ஜார்ஜ் வில்லியம் கர்ட்டிஸ் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தார். காங்கிரஸ் அதற்குப் பணம் ஒதுக்க மறுத்தமையால் 1875இல் அது கைவிடப்பட்டது. அடுத்து வந்த ஹேஸ், ஊழியர்களிடம் கட்சிப் பணம் பிரிப்பதைத் தடை செய்தார்; 1878இல் ஆர்தரையே பதவியிலிருந்து விலக்கினார். அவரே டார்மன் ஈட்டன் என்னும் வழக்கறிஞரைப் பிரிட்டிஷ் அலுவலக முறையை ஆராயுமாறு வேண்டினார். ஈட்டனின் நூல் 1880இல் வெளிவந்தது.

ஈட்டன் இலண்டனில் ஆராய்ந்த முறையின் வேர் இந்தியாவோடு தொடர்புடையது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிகளை அதன் இயக்குநர்கள் தம் உறவினருக்கும் நண்பருக்கும் வழங்கிவந்தனர். 1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அவ்வுரிமையைப் பறித்தது. மெக்காலே குழுவின் 1854ஆம் ஆண்டு அறிக்கையின்படி 1855இல் இலண்டனில் முதற் போட்டித் தேர்வு நடந்தது. ஏறத்தாழ அதே வேளையில் பிரிட்டனின் சொந்த அலுவலகங்களுக்கும் தேர்வு வேண்டும் என அறிக்கை எழுதிய இருவருள் ஒருவர் சார்லஸ் டிரவெல்யன். இளமையில் தில்லியில் கம்பெனிப் பணியில் இருந்தவர், பின்னர் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர். அத்தேர்வின் வாயில் நெடுங்காலம் இலண்டனில் மட்டுமே இருந்தது இந்தியர்க்கு நேர்ந்த அநீதி. அது தனியே பேசத்தக்கது. ஈண்டு வேண்டுவது இவ்வளவே: கல்கத்தாவையும் சென்னையையும் ஆள்வதற்கென்று வகுத்த தேர்வு முறை இலண்டன் வழியே வாஷிங்டனைச் சென்றடைந்தது. அதனாலேயே அங்கு எதிர்ப்பாளர், இது அந்நியச் சரக்கு, கல்லூரியில் பயின்ற செல்வர் மைந்தர்க்கு நாற்காலிகளை மீண்டும் உரிமையாக்கும் சூழ்ச்சி என்று முழங்கினர்.

1880இல் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு கூடியது. சீர்திருத்தத் தீர்மானம் பேச்சுக்கு வந்தபோது, டெக்சாஸ் மாநிலத்துப் பிளானகன் என்னும் பேராளர், பதவிகளுக்காக அன்றி வேறு எதற்காக நாமெல்லாம் இங்கு வந்திருக்கிறோம் என்னும் பொருளில் எழுந்து கேட்டார். அன்றைய அரசியலில் இத்துணை வெளிப்படையாகப் பேசியவர் அரியர். அவரைப் பழிப்பதா பாராட்டுவதா என்று எனக்குத் தோன்றவில்லை. 36ஆவது வாக்கெடுப்பில் எவரும் எதிர்பாராத ஜேம்ஸ் கார்பீல்டு வேட்பாளரானார். காங்ளிங் பிரிவினரின் மனக்குறையைத் தணிக்கத் துணைத் தலைவர் பதவிக்கு நிறுத்தப்பட்டவர் யார் எனில், இரண்டாண்டுகளுக்கு முன் சுங்க அலுவலகத்திலிருந்து விலக்கப்பட்ட அதே ஆர்தர்! நாடு முழுவதும் பதிவான தொண்ணூறு இலட்சம் வாக்குகளில் கார்பீல்டு பெற்ற மிகுதி பத்தாயிரத்துக்கும் குறைவு.

தலைவரானதும் கார்பீல்டு செய்த செயல்களுள் ஒன்று, காங்ளிங்கின் பகைவர் ஒருவரை நியூயார்க் சுங்கத் தலைவராக நியமித்தது. சினங்கொண்ட காங்ளிங் 1881 மே மாதத்தில் செனட் பதவியைத் துறந்தார். தம் மாநிலச் சட்டமன்றம் தம்மையே மீண்டும் அனுப்பும் என எண்ணினார். அது அனுப்பவில்லை. இப்பூசல் செய்தித்தாள்களில் நாள்தோறும் எரிந்துகொண்டிருந்த வேளையில், சார்லஸ் கீட்டோ என்பவன் வெள்ளை மாளிகையிலும் வெளியுறவுத் துறையிலும் நாள்தோறும் காத்துக் கிடந்தான். கார்பீல்டுக்கு ஆதரவாகத் தான் எழுதிய ஒரு சிறு சொற்பொழிவே தேர்தலை வென்று தந்தது, அதற்குக் கைம்மாறாகப் பாரிசுத் தூதரகப் பதவி தனக்குரியது என்பது அவன் நம்பிக்கை. இனி இதுபற்றிப் பேசவே வராதே என்று வெளியுறவு அமைச்சர் பிளெய்ன் விரட்டிவிட்டார். 1881 ஜூலை 2ஆம் நாள் வாஷிங்டன் இரயில் நிலையத்தில் அவன் கார்பீல்டைச் சுட்டான். தான் காங்ளிங் பிரிவைச் சார்ந்தவன் என்றும், இனி ஆர்தரே தலைவர் என்றும் கூவினான்.

கார்பீல்டு உடனே இறக்கவில்லை. எண்பது நாள் நலிந்தார். கழுவாத விரல்களையும் கருவிகளையும் புண்ணுக்குள் விட்டுக் குண்டைத் தேடிய மருத்துவர்களால் சீழ் பிடித்தது. தொலைபேசி கண்ட கிரகாம் பெல், உலோகத்தை உணரும் பொறியொன்றை இயற்றிக் கொணர்ந்தும் குண்டு அகப்படவில்லை. செப்டம்பர் 19ஆம் நாள் உயிர் நீங்கிற்று. கீட்டோ 1882 ஜூன் 30ஆம் நாள் தூக்கிலிடப்பட்டான்.

அவன் மனநோயாளன் என்பதில் இன்று ஐயுறுவோர் குறைவு. ஆதலின் கொள்ளை முறையே கார்பீல்டைக் கொன்றது என்பது முழு உண்மையாகாது. ஆனால் பதவி கிடைக்காதவன் தலைவரைச் சுட்டான் என்னும் செய்தி எந்த எழுத்தறியாதவனுக்கும் விளங்கிற்று. பதினாறு ஆண்டுகளாகக் கட்டுரைகளாலும் அறிக்கைகளாலும் ஆகாதது அந்த ஒரு செய்தியால் ஆயிற்று. 1881 ஆகஸ்டில், கார்பீல்டு படுக்கையில் கிடந்தபோதே, கர்ட்டிஸ் தலைமையில் தேசிய அரசுப் பணிச் சீர்திருத்தக் கழகம் நிறுவப்பட்டது.

எனினும் சட்டத்தை நிறைவேற்றியது இரக்கம் மட்டுமன்று, கணக்கும் ஆகும். 1882 நவம்பர்த் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் பெருந்தோல்வியுற்றது. 1884இல் தலைவர் பதவியும் பறிபோகக்கூடும் என்பது தெளிவாயிற்று. அவ்வாறு போயின், தம் ஆட்களை ஜனநாயகக் கட்சியினர் ஒருவர் விடாது துரத்துவர். அதற்குள் தேர்வுச் சட்டம் கொணர்ந்து, இருப்பவரை அதன் நிழலில் ஒதுக்கிவிட்டால் அவர்கள் பிழைப்பர். இவ்வெண்ணம் தோன்றியபின், பல்லாண்டு சீர்திருத்தத்தை எள்ளியவர்களே எழுந்து நின்று ஆதரித்தனர். ஓஹியோ மாநிலத்து ஜனநாயகக் கட்சிச் செனட்டர் ஜார்ஜ் பெண்டில்டன் பெயரால் வந்த, ஈட்டன் எழுதிக்கொடுத்த மசோதா, 1882 டிசம்பர் இறுதியில் செனட்டிலும், 1883 ஜனவரித் தொடக்கத்தில் பிரதிநிதிகள் சபையிலும் பெரும்பான்மையோடு நிறைவேறியது. ஜனவரி 16ஆம் நாள் அதில் கையொப்பமிட்டவர் தலைவர் ஆர்தர். சுங்க அலுவலகத்துக் கட்சிப் பெட்டியைக் காத்து வளர்த்த அதே ஆர்தர். அவர் மனம் மாறியதன் காரணத்தை அவர் விரித்துரைத்தாரில்லை.

சட்டத்தின் விதிகள் நம்மனோர்க்குப் பழகியவையாகவே தோன்றும். மூன்று உறுப்பினர் கொண்ட ஆணையம்; அவருள் இருவருக்கு மேல் ஒரே கட்சியினராதல் கூடாது. தேர்வுகள் பணிக்குத் தேவையான நடைமுறை அறிவையே சோதித்தல் வேண்டும். தேறியோர் ஆறு மாதம் தகுதிகாண் பருவத்தில் இருத்தல் வேண்டும். தலைநகர்ப் பதவிகள் மாநிலங்களுக்கு மக்கள் தொகைக்கேற்பப் பகிரப்படல் வேண்டும். மிகைபடக் குடிப்பவரை நியமித்தல் கூடாது. ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே இருவர் பணியிலிருப்பின் மூன்றாமவருக்கு இடமில்லை. யாவற்றினும் மேலாக, கட்சிக்குப் பணம் கொடாமையால் எவரையும் நீக்குதலோ தாழ்த்துதலோ கூடாது. அன்றிருந்த ஏறத்தாழ 1,30,000 பணிகளில் பத்தில் ஒரு பங்கே முதலில் இச்சட்டத்துக்குள் வந்தது. மற்றவற்றைத் தலைவர் தம் ஆணையால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது.

முதல் தேர்வுகள் அவ்வாண்டே நடந்தன. மேரி ஹாய்ட் என்னும் பெண்மணி மிக உயர்ந்த மதிப்பெண் பெற்று, கருவூலத் துறையில் ஆண்டுக்கு 900 டாலர் ஊதியத்தில் எழுத்தரானார். அமெரிக்கப் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிட்டியது 1920இல். அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு விடைத்தாள் ஒரு பெண்ணுக்கு அரசு நாற்காலியைத் தந்தது. பெண்டில்டனின் கதியோ வேறு. பதவிகளை எதிர்நோக்கியிருந்த அவருடைய சொந்தக் கட்சியினரே அவரை மன்னிக்காமல், அடுத்த தேர்தலில் செனட்டுக்கு வேறொருவரை அனுப்பினர்.

பின்னர் நடந்தது வேடிக்கையானது. 1885இல் ஜனநாயகக் கட்சியின் கிளீவ்லாண்டு தலைவரானதும், சட்டத்துக்கு வெளியே நின்ற அஞ்சல் அலுவலர்கள்மேல் கோடரி விழுந்தது. அஞ்சல் துறையின் உயரதிகாரி அட்லாய் ஸ்டீவன்சன் நாற்பதினாயிரம் பேரைப் பெயர்த்தார் என்பர். 1952இலும் 1956இலும் ஐசனோவரை எதிர்த்து நின்ற அதே பெயருடைய அறிஞருக்கு அவர் பாட்டனார். ஆனால் கிளீவ்லாண்டு பதவி விட்டிறங்கும்போது, தாம் அமர்த்தியவர் துரத்தப்படாமல் இருக்க, மேலும் பல பணிகளைச் சட்டத்துக்குள் சேர்த்தார். அடுத்து வந்த ஹாரிசனும் அவ்வாறே செய்தார். ஒவ்வொருவரும் தன்னலம் கருதிப் போட்ட கையொப்பங்களால், நூற்றாண்டு திரும்பும் வேளையில் ஐந்தில் இரண்டு பங்குப் பணிகள் தேர்வு முறைக்குள் வந்துவிட்டன. நல்லது நடப்பதற்கு நல்லெண்ணமே வேண்டுமென்பதில்லை போலும்!

எழுத்தனிடம் பறிக்கவியலாத கட்சி பட்டினி கிடந்ததா என்றால், இல்லை. வேறு அடுக்களையைக் கண்டது. 1896இல் மக்கின்லியின் தேர்தலை நடத்திய மார்க் ஹன்னா, எழுத்தர்களின் ஊதியத்துக்கு விதித்தது போலவே, வங்கிகளின் மூலதனத்தில் 400 டாலருக்கு ஒரு டாலர் வீதம் கணக்கிட்டுப் பணம் திரட்டினார். நூற்றுக்கு இரண்டு கொடுத்த எழுத்தன் வேலையைக் காத்துக்கொள்ளக் கொடுத்தான். வங்கி எதற்காகக் கொடுத்தது என்பதை ஆராய்வோர் ஆராய்க. கம்பெனிகள் தேர்தல் நிதி வழங்குவதைத் தடுக்கும் சட்டம் 1907இல் வந்தது. அது கசிந்த துளைகள் பல. அக்கதை இன்றும் முடிந்தபாடில்லை.

அக்காலத்து மற்றொரு சீர்திருத்தம் மறைவான வாக்குச்சீட்டு. அதற்கு முன் கட்சிகளே தத்தம் நிறத்தில் சீட்டு அச்சிட்டு வழங்கின. எவன் எந்நிறச் சீட்டை இடுகின்றான் என்பதை ஊரே காணும். அரசே அச்சிடும் சீட்டை மாசசூசெட்ஸ் மாநிலம் 1888இல் ஏற்றது. எட்டாண்டுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றின. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குப் பழைய நிறச்சீட்டே துணையாயிருந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விலக்க இப்புதிய சீட்டும் ஒரு கருவியாயிற்று. சீர்திருத்தம் என்று பெயரிட்ட யாவும் எல்லார்க்கும் சீராய் அமைந்துவிடவில்லை.

தேர்வு முறைக்கும் அக்கறை படிந்தது. விடைத்தாளுக்கு நிறமில்லை ஆதலின், 1883க்குப் பின் கறுப்பினத்தார் பலர் வாஷிங்டன் அலுவலகங்களில் எழுத்தராயினர். 1913இல் உட்ரோ வில்சன் ஆட்சிக்கு வந்தபின், கருவூலத் துறையிலும் அஞ்சல் துறையிலும் அவர்களுக்கு வேறு இடமும் வேறு உணவறையும் ஒதுக்கப்பட்டன. 1914 முதல் விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்கப்பட்டது. மதிப்பெண் கூறாததைப் படம் கூறிற்று. பத்திரிகையாளர் மன்ரோ டிராட்டர் அவ்வாண்டு வெள்ளை மாளிகைக்கே சென்று வில்சனோடு நேருக்கு நேர் வாதிட்டார். அவர் பேசிய முறை சரியில்லை என்று வில்சன் சினந்து, இனி வரவேண்டாம் என்றார். புகைப்பட விதி நீங்கியது 1940இல். அரசறிவியல் பேராசிரியராயிருந்து சீர்திருத்தம் பேசியே தலைவரான ஒருவர் காலத்தில் இது நடந்ததை என்னால் எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

எழுத்தனைக் கட்சியிடமிருந்து காத்த சட்டம், பின்னர்க் கட்சியையும் எழுத்தனிடமிருந்து காக்கப் புறப்பட்டது. 1939ஆம் ஆண்டு ஹாட்ச் சட்டம், நாட்டரசு ஊழியர் தேர்தல் பணிகளில் ஈடுபடுவதையே தடை செய்தது. பிலடெல்பியா நாணயச் சாலையில் உருளை இயந்திரத் தொழிலாளியாயிருந்த ஜார்ஜ் பூல், மாலை வேளையில் தம் வட்டாரக் கட்சிக்குழுவில் பணியாற்றினார் என்பதற்காக நடவடிக்கைக்கு உள்ளானார். 1947இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் தடையை ஏற்றது. நம் நாட்டு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளிலும் இத்தகைய தடை உண்டு. ஆதலின் நம்மில் பலர்க்கு இது வியப்பன்று. ஆயினும் நாணயம் வார்க்கும் தொழிலாளி எந்தக் கோப்பில் எந்தக் கட்சிக்குச் சார்பாகக் கையொப்பமிடப் போகிறார்? அமெரிக்கர் 1993இல் இத்தடையைப் பெரிதும் தளர்த்தினர், அது தக்கதே.

பெண்டில்டன் சட்டம் அமைத்த ஆணையம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிக்கப்பட்டு, பணியாளரை நிர்வகிக்க ஓர் அலுவலகமும் அவர்களின் முறையீட்டைக் கேட்க ஒரு வாரியமும் ஆயிற்று. பழைய வினா தீர்ந்துவிட்டது என்றே பலரும் எண்ணியிருந்தனர். 2020 அக்டோபரில் தலைவர் டிரம்ப், கொள்கை வகுப்பதோடு தொடர்புடைய ஊழியரைத் தனிப் பட்டியலில் சேர்த்து, அவர்களை நீக்குவதை எளிதாக்கும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். 2021 ஜனவரியில் பைடன் அதனை நீக்கினார். 2025 ஜனவரி 20ஆம் நாள், மீண்டும் பதவியேற்ற அன்றே, டிரம்ப் அதற்கு உயிர் தந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரின் கொள்கைக்கு அலுவலகங்கள் முட்டுக்கட்டையாய் இருத்தலாகாது என்பது அவர் தரப்பு வாதம். ஜாக்சன் 1829இல் கூறியதைப் படித்தவர்க்கு அது புதிதாகத் தோன்றாது. கொள்ளை முறை வேறு பெயரில் திரும்புகின்றது என்பது எதிர்த்தரப்பு. இதற்கென அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான வரைவு விதியில், ஏறத்தாழ 50,000 பணியிடங்கள் இப்பட்டியலுக்குள் வரக்கூடும் என அரசே மதிப்பிட்டது. பட்டியலைத் தலைவர் தம் ஆணையால் வளர்த்தது பற்றி 1883 முதல் எவரும் பெரிதாக வினவியதில்லை. ஆணையால் சுருக்கவும் இயலுமா என்னும் வினாவோடு ஊழியர் சங்கங்கள் நீதிமன்றப் படியேறின.